கோடை விடுமுறையில் பனிச்சறுக்கு: மயிலாப்பூரிலிருந்து எங்கே, எப்போது?

பள்ளி நாள்காட்டியும் பனியின் நாள்காட்டியும் ஒத்துப்போகாத ஊர் நம்முடையது. கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா நடக்கும் நாட்களில் குல்மர்கில் பனிச்சறுக்குப் பருவம் முடிகிற கட்டத்துக்கு வந்திருக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு ஏப்ரல் பாதிக்கு மேல் பெட்டி கட்டும்போது, அங்கே கீழ்ச்சரிவுகளில் புல் தலைகாட்டியிருக்கும். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கி, தி. நகரிலும் அடையாறிலும் வெளியே தலைகாட்ட முடியாமல், "எங்கேயாவது பனிக்குப் போயிடலாமா" என்ற பேச்சு வீட்டில் எழும் நேரத்தில், இந்தியாவில் ஸ்கீ கற்றுக்கொள்ளும் காலம் முடிந்தே போயிருக்கும்.

அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு கேள்விக்கு வீட்டில் பதில் வேண்டும். பிள்ளைகள் பனியைப் பார்த்து, கையில் அள்ளி, உருண்டு புரண்டால் போதுமா? அல்லது காலில் ஸ்கீ மாட்டி, சரிவில் இறங்கவும் திரும்பவும் நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டுமா? முதலாவதற்கு மே மாதத்திலும் இந்தியாவில் இடம் உண்டு. இரண்டாவதற்கு மே மாதத்தில் உள்நாட்டில் நல்ல இடம் இல்லை. சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் இரண்டும் ஒரே படத்தில் வருகின்றன. ஸ்கீ கற்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போன பிள்ளை, வாடகை பூட்ஸை மாட்டிக்கொண்டு அழுக்குப் பனியில் நாலடி நடந்து புகைப்படத்தோடு திரும்புவது எனக்குப் பொறுக்காத விஷயம். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

பருவக் கடைசியில் பனி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால், எந்த மலையையும் நீங்களே எடை போடலாம். பகலில் வெயில் பட்டு மேற்பரப்பு இளகும், இரவில் உறையும், மறுநாள் மறுபடி இளகும். சில நாட்கள் தொடர்ந்து இப்படி நடந்தால் பனித்துகள்கள் உருண்டு திரண்டு நொய்யரிசி போல ஆகிவிடும். அதன்மேல் ஸ்கீ வழுக்கிக்கொண்டு போவது அலாதியான சுகம். நன்றாகப் பழகியவர்கள் இதற்காகவே ஏப்ரலுக்குக் காத்திருப்பார்கள். ஆனால் இந்தச் சுகம் நாள் முழுக்க இருக்காது. விடியற்காலையில் சரிவு கண்ணாடியாக இறுகியிருக்கும். விழுந்தால் அடி பலம். வெயில் ஏறி மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும் ஓரிரு மணி நேரம்தான் பொன்னான நேரம். மதியத்துக்கு மேல் பனி கூழாகி ஸ்கீயைப் பிடித்து நிறுத்தும். உடம்பு முன்னே போக, கால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முழங்கால் பிசகுவது இப்படித்தான். செங்குத்தான சரிவுகளில் ஈரப் பனிச்சரிவு வரும் அபாயமும் பிற்பகலில்தான் அதிகம்.

வானிலைக் குறிப்பில் நாம் பகல் வெப்பத்தையே பார்த்துப் பழகியவர்கள். மலையில் பார்க்க வேண்டியது முந்தைய இரவின் வெப்பத்தை. இரவு வானம் தெளிவாக இருந்து வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுநாள் காலை நன்றாக அமையும். மேகம் மூடிய இரவு பூமியின் சூட்டை வெளியே விடாது. அப்படியான இரவுக்குப் பிறகு காலையிலேயே கூழ்தான். அடுத்தது சரிவு பார்க்கும் திசை. கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், மேற்கு பார்த்தது பிற்பகலில், வடக்கு பார்த்தது கடைசியில். மூன்றாவது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறைகிறது. ஏப்ரலில் ஒரு மலையின் பெயரைவிட அதன் உயரம்தான் பெரிய தகவல்.

இந்த அளவுகோலோடு குல்மர்கைப் பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். புல்வெளி ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம், எல்லோரும் சொல்வதுபோல் ஃபேஸ் ஒன், 3,080 மீட்டர் அளவில் இருக்கும் காங்டோரிக்கு ஏற்றிவிடுகிறது. 2005-ல் திறந்த ஃபேஸ் டூ, அஃபர்வத் மலையின் தோளில் 3,950 மீட்டரை ஒட்டிய உயரத்துக்குப் போகிறது. கீழுக்கும் மேலுக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம், அதாவது எட்டு டிகிரிக்கு மேல். ஆகவே கீழே புல் முளைத்த பிறகும் மேலே மே வரை பனி கிடக்கும்.

இதைக் கேட்டு "அப்போ மே மாசமே போகலாமே" என்று முடிவெடுப்பதுதான் வழக்கமான தவறு. புதிதாகக் கற்பவர்களுக்கான மெல்லிய சரிவுகள் கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி இருக்கின்றன. அங்கேதான் பனி முதலில் கரைகிறது. பனி தங்கும் அஃபர்வத்தோ செங்குத்தானது. இயந்திரம் வைத்துச் சமன்செய்யாத இயற்கைப் பனி, தேர்ந்தவர்களுக்கான இடம். கற்றுக்கொள்ள ஏற்ற இடத்தில் பனி இல்லை, பனி இருக்கும் இடம் கற்றுக்கொள்ள ஏற்றதில்லை. பருவக் கடைசியில் குல்மர்கின் நிலைமை இதுதான். இரண்டுக்கும் நடுவே கைகொடுப்பது காங்டோரி. மார்ச் கடைசியில் கீழே பனி திட்டுத்திட்டாகிவிட்டாலும், பயிற்சியாளர் உங்களை காங்டோரிக்கு அழைத்துப்போய்க் கற்றுத்தர வாய்ப்பு உண்டு. ஏப்ரல் பாதிக்கு மேல் அதையும் நம்பிப் போகாதீர்கள்.

எனவே குல்மர்கில் ஸ்கீ கற்க மார்ச் முதல் மூன்று வாரங்கள் பாதுகாப்பான தேர்வு, நான்காவது வாரம் துணிந்தவர்களுக்கு. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பலவற்றில் மார்ச் பாதிக்கு மேல் தேர்வு முடிந்து, புது வகுப்பு தொடங்குமுன் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியை வீணாக்காதீர்கள் என்பதே நான் தரும் முதல் ஆலோசனை. மார்ச் கடைசி வாரத்தில் ஸ்ரீநகரின் துலிப் தோட்டமும் திறக்கும். ஸ்கீயில் ஆர்வமில்லாத பாட்டி தாத்தாவுக்கு அது போதும்.

மார்ச் என்றால் கடைசிப் பருவம், தரம் குறைந்தது என்று ஒதுக்கவும் தேவையில்லை. காஷ்மீரில் பனி தாமதமாக வருவது அண்மை ஆண்டுகளில் கண்கூடு. 2024 ஜனவரியில் குல்மர்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பேசப்பட்டன. 2025 பிப்ரவரியில் குல்மர்கில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. ஜனவரிக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களைவிட மார்ச்சில் போனவர்களுக்கு நல்ல சரிவு கிடைத்த ஆண்டுகள் இவை.

குல்மர்கின் உண்மையான பலம் அங்குள்ள மனிதர்கள். தலைமுறையாக ஸ்கீ சொல்லிக்கொடுக்கும் குடும்பங்கள் டாங்மர்கிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து பங்கேற்ற ஒரே வீரர் ஆரிஃப் கான் இந்தப் பகுதிக்காரர். மத்திய சுற்றுலாத் துறையின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. அதன் பயிற்சி வகுப்புகளில் இடம் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். ஸ்லெட்ஜ்காரர்கள், குதிரைக்காரர்கள், கைடுகள் இறங்கியவுடன் சூழ்ந்துகொள்வார்கள். கோபப்படாமல், நேரத்தையும் தொகையையும் முன்பே பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். கோண்டோலா டிக்கெட்டைச் சென்னையிலேயே இணையத்தில் எடுத்துவிடுங்கள். காற்று பலமாக வீசினால் ஃபேஸ் டூவை நிறுத்திவிடுவார்கள். அதற்காக ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். கோண்டோலாவிலிருந்து இறங்கும் எல்லாப் பக்கமும் ரோந்துக்காரர்கள் சோதித்த சரிவு அல்ல. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அஃபர்வத் பகுதியில் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். பயணிகளாக வந்த ஸ்கீக்காரர்கள் அவர்கள். எல்லைக் கயிற்றைத் தாண்டாதீர்கள். அடுத்தது, 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பள்ளத்தாக்கின் பல சுற்றுலா இடங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. காஷ்மீர் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே விமானமும் அறையும் பதிவு செய்யுங்கள். ரயிலை விரும்புபவர்களுக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது: சென்ட்ரலிலிருந்து கத்ரா போகும் அந்தமான் எக்ஸ்பிரஸ், 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத். நாட்கள் அதிகம் பிடிக்கும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் மலைமேல் போய் விழுவதைவிட உடம்புக்கு நல்லது.

மே மாதம்தான் விடுமுறை, பனியைத் தொட்டால் போதும் என்பவர்களுக்கு மணாலி. இங்கே மக்கள் குழப்பிக்கொள்வது சோலாங்கையும் ரோதாங்கையும். சோலாங் பள்ளத்தாக்கு மணாலிக்கு அருகில், சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் அது நல்ல பயிற்சிக் களம். மணாலியின் மலையேற்ற நிறுவனம் ஸ்கீ வகுப்புகளை அப்போதுதான் நடத்துகிறது. 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்று, ஸ்கீயில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் கொண்டுவந்த ஆஞ்சல் தாக்கூர் வளர்ந்த பூருவா கிராமம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் மே மாதத்தில் சோலாங் பச்சைப் புல்வெளி. பாராகிளைடிங் செய்யலாம், பனி கிடையாது.

பனி இருப்பது 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயில். சாலை பெரும்பாலும் மே மாதத்தில் திறக்கும்; இருபுறமும் வெட்டிய பனிச்சுவர்களுக்கு நடுவே வண்டி போவதை வளர்ந்தவர்களும் வாய் பிளந்து பார்ப்பார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. பெர்மிட்டை இணையத்தில் முன்கூட்டி எடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். தொகுப்புச் சுற்றுலாவில் போகிறவர்கள், ரோதாங் நாள் செவ்வாயில் விழுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கணவாயில் ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும், பிடித்துக்கொண்டு நாலு தடவை இறக்கிவிடவும் ஆள் உண்டு. அதை விளையாட்டாக அனுபவியுங்கள். வகுப்பு என்று நினைக்காதீர்கள்.

ஏப்ரலில் போகிறவர்களுக்கு ரோதாங் திறந்திருக்காது. அப்போது 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பக்கம் கடந்தால், 3,100 மீட்டரை ஒட்டிய கோக்சர், சிஸ்ஸு பகுதிகளில் ஏப்ரல் முற்பாதி வரை பனி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. என்னைக் கேட்டால், சிறு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு மேயில் ரோதாங் கூட்டத்தைவிட ஏப்ரலில் கோக்சர் மேல்.

உத்தராகண்டின் அவுலியை இந்த விடுமுறைக்கு மறந்துவிடலாம். ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அருமையான சரிவு. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். ஏப்ரலில் அது புல்வெளி. 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் உள்வாங்கியபோது அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப்வே நின்றுபோனதால் ஏறும் வழியும் சிரமமாகிவிட்டது. சிக்கிமில் மே வரை ஜீரோ பாயின்ட்டில் பனி பார்க்கலாம், ஆனால் அது 4,600 மீட்டர் உயரம். ஸ்கீ வசதியும் இல்லை. முதல்முறை மலை ஏறும் சென்னைக் குடும்பத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

கையில் பணம் இருந்து, ஏப்ரலில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஆல்ப்ஸ். அங்கே பருவக் கடைசி என்பது மலிவும் வெயிலும் சேர்ந்த காலம். இதிலும் உயரத்தையே பாருங்கள். பிரான்சின் வால் தொரன்ஸ் கிராமமே 2,300 மீட்டரில் இருக்கிறது. மே முதல் வாரம் வரை திறந்திருப்பது வழக்கம். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் லிஃப்ட் 3,883 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கும், ஆஸ்திரியாவின் ஹின்டர்டக்ஸிலும் பனியாற்றின் மேல் ஆண்டு முழுக்க ஸ்கீ உண்டு. மேயில் சென்னையிலிருந்து போகும் தொகுப்புச் சுற்றுலாக்கள் ஏற்றிவிடும் டிட்லிஸும் யுங்ஃப்ராவ்யோக்கும் பனியைப் பார்க்கும் இடங்கள், அரை நாள் உலா. அந்தச் சுற்றுலாவில் ஸ்கீ கற்க நேரமே இருக்காது. ஸ்கீ வேண்டுமானால் ஒரே கிராமத்தில் ஐந்தாறு நாள் தங்கி, ஸ்கீ பள்ளியில் காலை வகுப்பில் சேர வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஈழத்து உறவுகள் இருந்தால் அவர்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே பள்ளிகளே ஸ்கீ முகாம் நடத்துவதால், எந்தச் சரிவு யாருக்கு ஏற்றது என்று ஏஜெண்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் வீடுகளில் யாரும் யோசிக்காத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு ஒன்று இருக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் வரும் அந்த ஒரு வாரம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வசந்தகாலம், ஸ்கீ பருவத்தின் வால் பகுதி. ஆஸ்திரேலியப் பருவம் ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. கற்பவர்களுக்குப் பெரிய மெத்தைபோன்ற சரிவுகள், ஒழுங்கான பள்ளிகள், இதமான வெயில். இன்னொரு நன்மை: நியூ சவுத் வேல்ஸின் த்ரெட்போவில் லிஃப்ட் போகும் உச்சியே 2,037 மீட்டர்தான். குல்மர்கின் அடிவாரத்தைவிடத் தாழ்வு. மூச்சுத் திணறலோ மலைநோயோ பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. சிட்னியிலோ மெல்பர்னிலோ அண்ணனோ அத்தையோ இல்லாத மயிலாப்பூர்க் குடும்பம் இன்று குறைவு. தங்கும் செலவில் பாதி அங்கே கழிந்துவிடும். மெல்பர்னிலிருந்து மவுன்ட் புல்லர் மூன்று மணி நேரக் கார் பயணம்.

உயரம் குறைவு என்பதே இதன் குறையும். செப்டம்பர் கடைசிக்குள் கீழ்ச்சரிவுகள் கரையத் தொடங்கிவிடும், சில ஆண்டுகளில் லிஃப்டுகளை முன்கூட்டியே மூடிவிடுகிறார்கள். மேல்சரிவுகள் நிறைய உள்ள த்ரெட்போ, பெரிஷர் இரண்டையும் முதலில் பாருங்கள். விசாவை ஜூலையிலேயே வாங்கி வைத்து, மலையில் அறையை மட்டும் செப்டம்பர் முதல் வாரத்தில் பனி நிலவரம் பார்த்து உறுதி செய்யுங்கள். சில ஆண்டுகளில் நவராத்திரியும் அதே நாட்களில் வருவதால், கொலு வைக்கும் வீட்டில் இது எளிதான முடிவல்ல. அதை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

எதிலும் பெரிய தொகை போடுமுன் பிள்ளைக்கு இது பிடிக்குமா என்று பார்க்க வேண்டுமா? துபாய் வழியாக எங்காவது போகும்போது ஒரு நாள் இறங்கி, மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 2005-லிருந்து இயங்கும் ஸ்கீ துபாயில் ஒரு வகுப்பு எடுங்கள். கூரைக்குள் பூஜ்யத்துக்குக் கீழ் குளிர், நிஜமான பனி, மிக நீண்ட சரிவே 400 மீட்டர். மே மாதமும் ஜனவரியும் அங்கே ஒன்றுதான். திருப்பவும் நிறுத்தவும் ஓரளவு வந்துவிட்டால், பிறகு மலையில் முதல் இரண்டு நாள் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. ஸ்னோ கிங்டம் போன்ற இடங்கள் குளிரில் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிய உதவும். ஸ்கீக்கு அல்ல.

எங்கே போனாலும் தயாரிப்பு இங்கேயே தொடங்க வேண்டும். பருவக் கடைசிப் பனி கனமானது, தொடைகளை வாட்டி எடுக்கும். இரண்டு மாதம் முன்பிருந்தே எலியட்ஸ் கடற்கரை மணலில் வேகமாக நடப்பதும், அடுக்குமாடி வீட்டில் லிஃப்டை விட்டுப் படி ஏறி இறங்குவதும் நாகேஸ்வர ராவ் பூங்காவை நிதானமாகச் சுற்றுவதைவிடப் பலன் தரும். இறங்குவதுதான் முக்கியம், ஸ்கீயில் தொடை செய்வது அந்த வேலையைத்தான்.

உடையில் பலரும் தடித்த கம்பளியில் செலவு செய்கிறார்கள். ஏப்ரல் பனியில் எதிரி ஈரம். தண்ணீர் புகாத மேல்கோட்டும் பேண்ட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். நல்ல கையுறையும், வியர்வையை உறிஞ்சி உலரும் உள்ளாடையும், ஒற்றைக் கம்பளிச் சாக்ஸும் இங்கேயே வாங்குங்கள். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் காயவே காயாது. சாக்ஸை இரண்டு அடுக்காகப் போட்டால் பூட்ஸுக்குள் மடிந்து கொப்புளம் வரும். புதுப்பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்காமல் தாடைக்குக் கீழும் மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள், ஏனெனில் வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது. கண்ணாடி அணியும் பிள்ளைக்கு, கண்ணாடியின் மேலேயே மாட்டும் காகிள்ஸ் கேட்டு வாங்குங்கள்.

அஃபர்வத்தும் ரோதாங்கும் இருக்கும் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஸ்ரீநகரிலோ மணாலியிலோ குறைந்தது ஓர் இரவு தூங்கிவிட்டு மேலே போங்கள். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் கீழே இறங்குங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் எந்த உயரம் என்பதை எண்ணாகவே சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போறோம்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் ஊட்டி என்று நினைத்துக்கொள்ளலாம். பயணக் காப்பீட்டிலும் இதே கவனம் தேவை. சாதாரணத் திட்டங்கள் பல ஸ்கீ விபத்துகளை விலக்கி வைக்கின்றன. குளிர்கால விளையாட்டு என்று தனியாகச் சேர்த்து, பத்திரத்தில் அந்த வரி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.